வாப்பாவின் மெத்தை



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் படுக்கையில் ஒரு ஆள் இருக்கிறவர்கள் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள்.

போன கிழமை இடைவேளை நேரம் எங்கள் பாடசாலையில் ஒரு இளம் ஆசிரியர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முகம் சரியில்லை.

"சேர், வாப்பாக்கு நாளைக்குத் துண்டு வெட்டுறாங்களாம். வலப்பக்கம் வேல செய்யுதில்ல. நல்ல மெத்த ஒண்டு எடுக்கோணும். எது நல்லம்?"

பதில் சொல்லத் தொடங்கினேன். பாதியில் மணி அடித்துவிட்டது. அவர் வகுப்புக்குப் போய்விட்டார். மீதிப் பாதியைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் டாக்டரும் இல்லை, மெத்தை வியாபாரியும் இல்லை. ஆனால் 2022-ல் எங்கள் வீட்டில் இதே கேள்வி வந்தது. நான் அதற்குப் பிழையான பதிலைத்தான் கண்டுபிடித்தேன்.

எங்கள் சின்ன வயதில் வீட்டில் இருந்தது இலவம் பஞ்சு மெத்தை. வாப்பாவே காய் வாங்கி, கொட்டை எடுத்து, பஞ்சைக் காயவைத்து, தையற்காரரிடம் கொடுத்து அடைத்தது. இலவம் பஞ்சு லேசானது. நாருக்குள்ளே வெறும் காற்று, வெளியே மெழுகு மாதிரி ஒரு பூச்சு. அதனால்தான் முன்னொரு காலத்தில் கடலில் மிதக்கிற உயிர்காப்பு அங்கிகளுக்குள் அதை அடைத்தார்கள். ஆனால் ஆள் படுத்துப் படுத்து அது கட்டி கட்டியாகிவிடும். மழை விட்டு நல்ல வெயில் வந்தால் வாப்பா விடமாட்டார். "மெத்தயத் தூக்குங்க" என்பார். நானும் நானாவும் ஆளுக்கொரு மூலை பிடித்து முற்றத்துக்குக் கொண்டுபோவோம். மதிலில் போட்டு, தடியால் அடித்து, பகல் முழுக்கக் காயவிட்டு, அஸருக்கு முதல் உள்ளே எடுக்க வேண்டும். நோன்புக்கு முதல் வருகிற கிழமை இது கட்டாயம். எங்களுக்கு அது பெரிய தொல்லை. அன்றிரவு மெத்தை உப்பிப் போய், வெயில் வாசத்தோடு இருக்கும். அதை மட்டும் இன்றைக்கும் மறக்க ஏலாது.

2022 ஜனவரியில் வாப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தது. பேச்சு குழறியது, வலது கையும் காலும் விழுந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்குக் கொண்டுவருவதற்கு முதல் நாள் நான் கண்டி டவுனுக்கு மெத்தை பார்க்கப் போனேன்.

கடையில் ஏழெட்டு வகை இருந்தது. தும்பு மெத்தை, சாதாரண ஃபோம், இறப்பர்ப் பால் ஃபோம், ஸ்பிரிங். வாப்பாவுக்கு எப்போதும் இடுப்பு வலி. "இடுப்பு வலிக்குக் கெட்டி மெத்ததான் நல்லம்" என்று சின்ன வயதில் இருந்து கேட்டு வளர்ந்தவன் நான். அதனால் கடையிலேயே மிகக் கெட்டியான தும்பு மெத்தையைக் காட்டி, "இதக் கட்டுங்க" என்றேன். அதன்மேல் 'ஓர்த்தோபீடிக்' என்று எழுதியிருந்தது. சம்பளத்தில் பாதிக்கு மேல் போனது. நல்ல காரியம் செய்தேன் என்ற திருப்தியோடு வீட்டுக்கு வந்தேன். அந்தக் கடையைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கேட்டதைத் தந்தார்கள். கேட்டவன்தான் பிழை.

முதலில், நடமாடுகிற ஆளுக்குக்கூட அந்த எண்ணம் சரியில்லை. 2003-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஸ்பெயினில் செய்த ஆய்வு ஒன்று வெளிவந்தது. நீண்டகால இடுப்பு வலி உள்ள 313 பேரில் ஒரு பகுதியினருக்கு மிகக் கெட்டியான மெத்தை, மற்றவர்களுக்கு நடுத்தரக் கெட்டி மெத்தை கொடுத்து 90 நாள் பார்த்தார்கள். நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்குத்தான் வலி கூடுதலாகக் குறைந்திருந்தது. 'ஓர்த்தோபீடிக்' என்பது மெத்தையில் ஒட்டுகிற ஒரு சொல். எவ்வளவு கெட்டி இருந்தால் அந்தச் சொல்லைப் போடலாம் என்று பொதுவான அளவு எதுவும் இல்லை.

பிறகு நான் படித்துக்கொண்ட விசயங்கள் சில. கடைக்குப் போனால் கையால் அமுக்கிப் பார்த்துவிட்டு வராதீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, வெட்கப்படாமல், பத்து நிமிடமாவது படுத்துப் பாருங்கள். மல்லாந்து படுத்து இடுப்புக்குக் கீழே கையை விடுங்கள். கை தாராளமாகப் போய் வந்தால் மெத்தை உங்களுக்குக் கெட்டி கூட. கையை நுழைக்கவே ஏலாமல் இருந்தால் மெத்தை மெத்தென்று கூடிப்போய்விட்டது. பக்கவாட்டில் படுக்கும்போது தோளும் இடுப்பும் கொஞ்சம் அமிழ்ந்து, முதுகெலும்பு நேராக நிற்க வேண்டும். அதனால் என் உடம்புக்குச் சரியான மெத்தை பாரமான என் மச்சானுக்குச் சரிவராது. ஃபோம் வாங்கினால் அடர்த்தியைக் கேளுங்கள். ஒரு கன மீற்றருக்கு எத்தனை கிலோ என்பதுதான் அடர்த்தி. அது கூடினால் மெத்தை நாள்பட உழைக்கும். கெட்டித்தன்மை என்பது வேறு விசயம். கெட்டியாக இருந்தும் அடர்த்தி குறைந்த ஃபோம் உண்டு. கொஞ்ச நாளில் நடுவில் பள்ளம் விழுந்துவிடும்.

இறப்பர்ப் பால் மெத்தை விலை கூடியது. ஆனால் அது எங்கள் மண்ணின் சாமான். 1876-ல் லண்டன் கியூ பூங்காவில் இருந்து கப்பலில் வந்த இறப்பர்க் கன்றுகள் கம்பஹாவுக்குப் பக்கத்தில் ஹெனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்டன. அந்தப் பாலை அடித்து நுரையாக்கி, அச்சில் ஊற்றிச் சூடாக்கி மெத்தை செய்யும் முறையை இங்கிலாந்தில் டன்லொப் கம்பனி 1929-ல் கண்டுபிடித்தது. தும்பு மெத்தையும் இறப்பர் இல்லாமல் ஆகாது. தேங்காய்த் தும்பின்மேல் இறப்பர்ப் பாலைத் தெளித்து அழுத்தித்தான் அதைச் செய்கிறார்கள். ரஸூலுல்லாஹி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் விரிப்பு பதனிட்ட தோலுக்குள் பேரீச்ச மர நார் அடைத்தது என்று ஆயிஷா ரலியல்லாஹு அன்ஹா அவர்கள் அறிவித்த ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் தும்பு மெத்தைதான் ஞாபகம் வரும்.

இவ்வளவும் தானாகப் புரண்டு படுக்கிறவர்களுக்கு. நாங்கள் தூக்கத்தில் எத்தனையோ தடவை புரள்கிறோம், எங்களுக்கே தெரியாது. வாப்பாவால் அது முடியாது. கால் பக்கம் அரித்தால்கூட சொல்லத் தெரியாத நிலை. அந்த ஆளைத்தான் கொண்டுவந்து பலகை மாதிரி மெத்தையில் மல்லாக்கப் படுக்க வைத்தோம். நல்ல மெத்தை வாங்கியாயிற்று, இனி அது பார்த்துக்கொள்ளும் என்ற நினைப்பு.

மூன்றாவது கிழமை. உடம்பு துடைக்கும்போது வாப்பாவின் முதுகுக்குக் கீழே, இடுப்பெலும்பு முடிகிற இடத்தில் ஒரு சிவப்புத் தழும்பு. நானா பவுடர் போடுவோம் என்றார். ராத்தா எண்ணெய் தடவித் தேய்ப்போம் என்றார். இரண்டையும் செய்தோம். நாலாம் நாள் தோல் உரிந்து, ஐந்து ரூபாக் குற்றி அளவுக்குப் புண்.

எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஓய்வுபெற்ற சிங்கள மிஸ்ஸி ஒருவர் இருக்கிறார். கண்டி ஆஸ்பத்திரி வார்ட்டுகளில் முப்பது வருடம் வேலை செய்தவர். ஓடிப்போய்க் கூட்டிவந்தேன். வந்தவர் புண்ணைப் பார்த்தார், மெத்தையை அமுக்கிப் பார்த்தார். பிறகு என்னிடம் சிங்களத்தில் கேட்டது ஒரே கேள்வி.

"இவர யார் திருப்புறது? எத்தன மணிக்குத் திருப்புறீங்க?"

எங்களில் ஒருவருக்கும் பதில் இல்லை.

அவர் விளங்கப்படுத்தியது இதுதான். தோலுக்குள் ஓடுகிற நுண்ணிய இரத்தக் குழாய்களில் அழுத்தம் மிகக் குறைவு. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே அவை நசுங்கினால் அந்த இடத்துக்கு இரத்தம் போகாது. சில மணித்தியாலம் அப்படியே கிடந்தால் அந்தச் சதை செத்துவிடும். முதுகின் அடி, இடுப்பின் இரு பக்கம், குதிகால், தோள்பட்டை, பின்தலை, இவைதான் ஆபத்தான இடங்கள். சிவந்திருக்கும் இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துப் பிறகு சிவந்தால் இன்னும் தப்பலாம். அழுத்தியும் நிறம் மாறாவிட்டால் உள்ளே சேதம் தொடங்கிவிட்டது. தோல் கறுப்பென்றால் சிவப்பு தெரியாது. அந்த இடம் மட்டும் சூடாகவோ, இறுகியோ, கருத்தோ இருக்கிறதா என்று பாருங்கள். சிவந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது. நாங்கள் அதைத்தான் செய்திருந்தோம்.

அன்றைக்கே அவர் நானாவையும் என்னையும் நிற்கவைத்துச் செய்து காட்டினார். ஆளை இழுக்கக் கூடாது. இழுத்தால் தோல் விரிப்போடு உரசிக் கிழியும். இடுப்புக்குக் கீழே ஒரு துணியை மடித்துப் போட்டு, இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கி நகர்த்த வேண்டும். முழுக்கப் பக்கவாட்டில் படுக்க வைத்தால் இடுப்பெலும்பில் பாரம் விழும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து, சாய்வாக, ஒரு 30 பாகை அளவுக்கு வைத்தால் போதும். இரண்டு முழங்காலுக்கும் நடுவே ஒரு தலையணை. கெண்டைக் காலுக்குக் கீழே ஒன்று, குதிகால் மெத்தையில் படாமல் தொங்குகிற மாதிரி. நடுவில் ஓட்டை உள்ள வட்டத் தலையணை வேண்டாம், அது சுற்றி வர இரத்தத்தைத் தடுக்கும். சாப்பாடு கொடுக்கத் தலைப்பக்கத்தை உயர்த்தினால் முடிந்ததும் இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆள் சறுக்கிச் சறுக்கி முதுகடி தேயும். சிறுநீர் ஈரம் ஒரு நிமிடமும் நிற்கக் கூடாது. முட்டை, மீன், பருப்பு கொடுங்கள், சத்து இல்லாமல் புண் ஆறாது. புண்ணுக்கு மருந்து கட்டுவதை கிளினிக்கில் காட்டிச் செய்யுங்கள், வீட்டு வைத்தியம் வேண்டாம்.

நான் வகுப்புக்கு நேரசூசி போடுகிறவன். அன்றிரவு ஒரு காகிதத்தில் வாப்பாவுக்கு நேரசூசி போட்டுக் கட்டிலுக்கு மேலே ஒட்டினேன். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு கட்டம். இடம், மல்லாக்க, வலம். திருப்பிய ஆள் பக்கத்தில் கையொப்பம் வைக்க வேண்டும். பகலில் ராத்தாவும் என் மனைவியும். மாலையில் என் மூத்த மகன். இரவில் நானாவும் நானும் முறை வைத்து.

மிஸ்ஸிதான் காற்று மெத்தையைப் பற்றியும் சொன்னார். எங்கள் பள்ளிவாசலில் சக்கர நாற்காலி, ஆஸ்பத்திரிக் கட்டில் எல்லாம் வாங்கிவைத்து இல்லாதவர்களுக்கு இரவல் கொடுக்கிறார்கள். அங்கே ஒரு காற்று மெத்தை இருந்தது. வரிசையாகக் காற்றுக் குழாய்கள். மோட்டர் ஒரு வரிசைக்குக் காற்றை அடைக்கும்போது மற்ற வரிசை இறங்கும். சில நிமிடங்களில் அது மாறும். இப்படி ஒரே இடத்தில் பாரம் நிற்காமல் மாறிக்கொண்டே இருக்கும். சாதாரண மெத்தைக்கு மேலேதான் அதை விரிக்க வேண்டும். ஆளின் நிறைக்கு ஏற்றபடி மோட்டரில் அளவை வைக்க வேண்டும். மேலே ஒரே ஒரு மெல்லிய விரிப்பு, அதுவும் இறுக்கிச் செருகாமல். பாசத்தில் கம்பளியும் றெக்சினும் அடுக்கினால் காற்று மெத்தை போட்ட பயனே இல்லை. காற்று மெத்தைக்குக் கீழே, ஆளின் இடுப்பு இருக்கும் இடத்தில் கையை விட்டுப் பாருங்கள். எலும்பு கையில் தட்டினால் காற்றுக் காணாது.

புண் கொஞ்சம் வாடத் தொடங்கியது. அப்போதுதான் கரண்ட் போனது.

2022 மார்ச் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். டீசல் இல்லை, கேஸ் இல்லை. மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. மோட்டர் நின்றதும் மெத்தை மெல்ல மெல்ல இறங்கிவிடும். கீழே இருப்பது நான் வாங்கிய அந்தக் கெட்டித் தும்பு மெத்தை. ஜெனரேட்டர் வாங்க வசதி இல்லை, வாங்கினாலும் ஊற்ற எண்ணெய் இல்லை. நேரசூசியை மாற்றினோம். கரண்ட் இல்லாத நேரம் கட்டம் இன்னும் நெருக்கம். மெழுகுதிரி வெளிச்சத்தில், மொபைல் டோர்ச்சில், நானா ஒரு பக்கம் நான் ஒரு பக்கம். "பிஸ்மில்லாஹ்" என்று ஒரே நேரத்தில் தூக்குவோம். வாப்பா இடது கையால் என் சாரத்தைப் பிடித்துக்கொள்வார். சின்ன வயதில் பஞ்சு மெத்தையை மூலைக்கு மூலை பிடித்துத் தூக்கிய அதே இரண்டு பேர்.

ஏப்ரல் தொடக்கத்தில் நோன்பு வந்தது. ஸஹருக்கு எழும்புவது எங்களுக்குப் பெரிய வேலையாகத் தெரியவில்லை, ஏற்கனவே விழித்துத்தான் இருந்தோம்.

அந்த நோன்பில் ஒரு வெள்ளிக்கிழமை வாப்பாவுக்குப் பக்கத்தில் இருந்து சூரத்துல் கஹ்ஃப் ஓதினேன். ஓதல் பள்ளிக் காலத்தில் இருந்து வெள்ளிக்கிழமைகளில் ஓதுகிற சூரா. குகைத் தோழர்களை அல்லாஹ் முந்நூறு வருடத்துக்கு மேல் தூங்கவைத்தான். பதினெட்டாவது ஆயத்தில் அவர்களை வலப்பக்கமும் இடப்பக்கமும் தானே புரட்டிக்கொண்டிருந்ததாகச் சொல்கிறான். அந்த இடத்தில் நின்றுவிட்டேன். எத்தனை நூறு தடவை ஓதியிருப்பேன். ஒரு தடவையாவது அது ஏன் அங்கே சொல்லப்பட்டிருக்கிறது என்று யோசித்ததில்லை. அவர்களைப் புரட்டாவிட்டால் மண் அவர்களின் உடம்பைத் தின்றிருக்கும் என்று இப்னு அப்பாஸ் ரலியல்லாஹு அன்ஹு சொன்னதாகத் தப்ஸீரில் இருக்கிறது. அல்லாஹ் நினைத்திருந்தால் புரட்டாமலே பாதுகாத்திருக்கலாம். புரட்டினான். சுவரில் ஒட்டிய காகிதத்தைப் பார்த்தேன். இடம், மல்லாக்க, வலம். அதற்குப் பிறகு எனக்கு அந்த வேலை பாரமாக இருக்கவில்லை என்று சொன்னால் அது பொய். களைப்பு களைப்புத்தான். ஆனால் முறையைத் தட்டிக்கழிக்க மனம் வரவில்லை.

பெருநாளுக்குப் பிறகு புண் முழுதாக மூடியது.

இனி மெத்தையைப் பராமரிப்பது பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் கண்டிக் காற்றில் ஈரம் கூட. பெரும்பாலான மாதங்களில் ஈரப்பதன் 70 வீதத்துக்கு மேல். மெத்தையில் வாழ்கிற, கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சிக்கு அது சொர்க்கம். பிள்ளைகளின் இழுப்புக்கும் காலைத் தும்மலுக்கும் அது ஒரு பெரிய காரணம். மெத்தையைச் சீமெந்துத் தரையில் நேரே போடாதீர்கள், அடியில் பூஞ்சணம் பிடிக்கும். பலகைக்குப் பலகை இடைவெளி உள்ள கட்டில் நல்லம். காலையில் எழும்பிய உடனே விரிப்பை மூடாமல் ஜன்னலைத் திறந்து கொஞ்சம் ஆறவிடுங்கள். விரிப்பையும் தலையணை உறையையும் கிழமைக்கு ஒரு தடவை நல்ல சுடுநீரில் கழுவுங்கள். பஞ்சு மெத்தையையும் தும்பு மெத்தையையும் வெயிலில் போடலாம். இறப்பர்ப் பால் மெத்தையைக் கடும் வெயிலில் போடாதீர்கள், இறப்பர் உதிர்ந்துவிடும். நிழலில் காற்றோட்டமாக வைத்தால் போதும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தலைமாட்டைக் கால்மாட்டுக்குத் திருப்புங்கள். இரண்டு பக்கமும் படுக்கக்கூடியது என்றால் புரட்டியும் போடுங்கள். வெள்ளத்தில் நனைந்த மெத்தையை வைத்துக்கொள்ள நினைக்காதீர்கள். பிங்கா ஓயா பெருகி அக்குறணை டவுன் மூழ்கும்போதெல்லாம் பாதையோரம் மெத்தைகள் குவிந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். மேலே காய்ந்தாலும் உள்ளே அழுக்கும் பூஞ்சணமும் நிற்கும். படுக்க முதல் விரிப்பை உதறிவிட்டுப் படுக்கச் சொன்ன மார்க்கம் எங்களுடையது. அந்த ஸுன்னத்தைப் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள்.

வாப்பா செப்டம்பர் மாதம் வபாத்தானார். ஜனாஸா குளிப்பாட்டும்போது நானாவும் நானும் நின்றோம். குளிப்பாட்டுகிற ஹஸ்ரத் வாப்பாவை மெதுவாக இடப்பக்கம் சரித்து முதுகில் தண்ணீர் ஊற்றினார். பிறகு எங்களைப் பார்த்துச் சொன்னார்.

"எட்டு மாசம் படுக்கைல கெடந்த மனிசன். முதுகுல ஒரு புண் இல்ல, மாஷா அல்லாஹ்."

அந்தப் புண்ணின் தழும்பு இருந்தது. அவருக்குத் தெரியவில்லை, எங்களுக்குத் தெரிந்தது. நானா என் கையைப் பிடித்துக்கொண்டார். கபுறில் இறங்கி வாப்பாவை வலப்பக்கம் கிப்லாவை நோக்கித் திருப்பிப் படுக்கவைத்ததும் நாங்கள் இரண்டு பேர்தான். நேரசூசியில் அதுதான் கடைசிக் கட்டம்.

காற்று மெத்தையைக் கழுவித் துடைத்து, மோட்டரோடு பள்ளிவாசலுக்குத் திருப்பிக் கொடுத்தோம். இந்த மூன்று வருடத்தில் அது எத்தனை வீடு போய் வந்ததோ. அந்தத் தும்பு மெத்தை இன்னும் வீட்டில் இருக்கிறது. இரண்டு அங்குல இறப்பர் ஃபோம் ஒன்றை மேலே போட்டு நான்தான் அதில் படுக்கிறேன். வெயில் வந்தால் என் இரண்டு மகன்களையும் கூப்பிட்டு முற்றத்துக்குத் தூக்கச் சொல்கிறேன். நாங்கள் முணுமுணுத்த மாதிரியே அவர்களும் முணுமுணுக்கிறார்கள்.

தம்பி, நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான். உங்கள் பள்ளிவாசலில் காற்று மெத்தை இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். கையில் காசு இருந்தால் அதையே வாங்குங்கள், அடியில் ஒரு நடுத்தரக் கெட்டி மெத்தை போதும். ஆனால் கடைக்குப் போக முதல் வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து அந்தக் காகிதத்தை எழுதுங்கள். யார் திருப்புவது, எத்தனை மணிக்கு. மிஸ்ஸி எங்களிடம் கேட்ட அந்தக் கேள்விக்கு உங்கள் வீட்டில் பதில் தயாராக இருக்கட்டும்.

உங்கள் வாப்பாவுக்கு அல்லாஹ் பூரண ஷிபாவைத் தருவானாக. என் வாப்பாவின் மறுமைக்காக ஒரு துஆக் கேளுங்கள்.